நகைக்கடையிலிருந்து பிரதமர் பதவிக்கு



நியூசிலாந்தின் பிரதமராக விளங்கிய ஜோன் பலன்ஸ், 1839ஆம் ஆண்டில் அயர்லாந்தின் அன்ட்ரிம் பகுதியிலே குத்தகைக் குடியானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே பள்ளியை விட்டு, பெல்பாஸ்ற் நகரில் இரும்பு வணிகர் ஒருவரிடம் தொழில் பயின்றார். 1866இல் நியூசிலாந்து சென்று வாங்கனுயி என்னும் ஊரில் நகைக்கடை வைத்தார். மறு ஆண்டே பத்திரிகையொன்றும் தொடங்கினார். எழுத்து அவரை அரசியலுக்கு அழைத்தது. 1875இல் பாராளுமன்றம் புகுந்தவர், 1891இல் பிரதமரானார்.

அன்று பரந்த நிலங்கள் சிலர் கையில் முடங்கிக் கிடந்தன. குத்தகைக்காரன் துயரை அயர்லாந்திலே கண்டவர் பலன்ஸ். நிலம் பெருகப் பெருக வரிவீதமும் ஏறுமாறு அவ்வாண்டிலேயே அவர் அரசு சட்டம் இயற்றியது. ஆயினும், மவோரி மக்களின் நிலங்கள் பெருமளவிற் குடியேறிகள் கைக்கு மாறியதும் அவ்வரசின் காலத்திலேதான். ஒருவர்க்கு நீதியாய் அமைந்தது மற்றவர்க்கு இழப்பாயிற்று என்பதை வரலாறு மறைப்பதில்லை.

பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்பதில் அவரும் அவர் மனைவி எலனும் ஒருமித்து நின்றனர். 1893 ஏப்ரல் 27இல், பதவியிலிருக்கும்போதே பலன்ஸ் காலமானார். செப்டெம்பர் 19இல் அவ்வுரிமை சட்டமாயிற்று. நட்டவர் காணாத கனியைப் பிறர் உண்டனர். அதனால் நட்டவரின் பெருமை குறைவதில்லை.