அப்பாவின் 85-ம் என் டிஜிட்டல் கேமராவும்



நான் பொறியாளன். படம் எடுக்கிற பழக்கம் அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் ஃபிலிம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸ் போட்டு, வீட்டுக் கூடத்தில் அப்பத்தாவை எடுத்த படம் ஒன்று உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கைகளைக் கோத்தபடி.

2016-இல் டிஜிட்டல் நிக்கான் வாங்கினேன். அதே லென்ஸை மாட்டி, அப்பா நின்ற அதே சுவரோரம் நின்றேன். அப்பத்தா மார்போடு முடிஞ்சு போனாங்க, கைகள் வரவில்லை. ஆறரை அடிதான் தூரம், பின்னால் போக வழியில்லை.

லென்ஸ் மாறவில்லை. ஃபிலிம் 36-க்கு 24 மி.மீ.; என் கேமராவின் சென்சார் சுமார் 24-க்கு 16. ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, 85 ஏறக்குறைய 128 போல ஆகிவிடுகிறது. (ஃபுல் ஃபிரேம் வாங்கியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, விலைதான் கவலை!)

கேமராவோடு வந்த ஜூமை 18-இல் வைத்து இரண்டடியில் எடுத்தேன். "என் மூக்காடா இது?"ன்னு கேட்டாங்க. முகம் எப்படி விழும் என்பதை முடிவு செய்வது நாம் நிற்கிற தூரம். ஆறடிக்குள் போகாதீங்க, தூரத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் லென்ஸைத் தேடுங்க. அதே ஜூமை 50 பக்கம் திருப்பினேன், கைகள் வந்தன. ஆனால் துளை எஃப் 5.6, கூடத்து வெளிச்சத்தில் படம் கலங்கல். கடைசியில் எஃப் 1.8 உள்ள 50 வாங்கினேன். ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம்.

அடுத்த வருஷம் அப்பத்தா தவறிட்டாங்க. கூடத்தில் மாலையோடு இருப்பது அந்தப் படம்தான்.

85-ஐ விற்கவில்லை. மாலையில் மரத்தடியில் இடம் தாராளமா இருக்கும். நம் பேராசிரியர்களை அதில்தான் எடுக்கப் போறேன்.