கீழே வரும் அடி



பின்னேரமானால் எங்கள் வீடுகளில் பிள்ளைகளின் அறைக்கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளே அடிதடிச் சத்தம். "என்ன விளையாட்டு?" என்று கேட்டால் டொச்சில் ஒரு சொல் பதில் வரும், அவ்வளவுதான். இன்று அந்த அடிதடி விளையாட்டில் வருகிற ஒரேயொரு அடியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதை விளங்கிக்கொண்டால் பிள்ளையோடு பேச ஒரு வழி கிடைக்கும்.

யப்பானின் கப்கொம் நிறுவனம் 1991இல் வெளியிட்டது 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. அதில் தல்சிம் என்ற இந்திய யோகி வருவார். கழுத்தில் மண்டையோட்டு மாலை, றப்பர் போல நீளும் கைகால்கள். யோகியை இப்படியா காட்டுவது என்று கோபம் வரலாம், அது நியாயமே. ஆனால் அவருடைய ஓர் உதையைக் கவனியுங்கள். உடம்பைச் சாய்த்து, காலை முன்னே நீட்டி, நிலத்தோடு சறுக்கி வந்து எதிராளியின் கரண்டைக்காலில் அடிப்பார். சரியான நேரத்தில் சறுக்கினால், எதிராளி எறியும் நெருப்புருண்டைக்குக் கீழாலும் புகுந்துவிடுவார்.

இதைத் தடுப்பது எப்படி? கொன்ட்ரோலரின் திசைப்பொத்தானைப் பின்பக்கமாக அழுத்தினால் ஆள் நின்றபடி தடுப்பார். கீழே வரும் அடிக்கு அது பயன்படாது. பின்னும் கீழுமாகச் சேர்த்து அழுத்திக் குந்தித் தடுக்க வேண்டும். அப்படியென்றால் எப்போதும் குந்தியே இருக்கலாமே? இல்லை. பாய்ந்து மேலிருந்து வரும் அடி குந்தியிருப்பவரில் விழும்.

திரையில் செக்கனுக்கு 60 படங்கள் ஓடுகின்றன. கண் கண்டு கை அசைவதற்குள் ஏறக்குறையக் கால் செக்கன், அதாவது 15 படங்கள் போய்விடும். கண்டபின் தடுக்கலாம் என்றிருந்தால் பலவேளை பிந்திவிடும். எதிராளியின் பழக்கத்தைப் படித்து முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். ஊரில் சடுகுடு விளையாடியவர்களுக்கு இது புதிதல்ல. இடுப்பைப் பிடிக்க வருகிறானா, கரண்டைக்காலைப் பிடிக்க வருகிறானா என்று மூச்சடக்கிப் பார்த்தவர்கள்தானே நாங்கள்.

இதற்காக எல்லா அடிதடி விளையாட்டும் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று நான் சொல்லவில்லை. ஜேர்மனியில் விளையாட்டுப் பெட்டியின் மேல் 'ஊ எஸ் கா' வயது முத்திரை இருக்கும். 2003 ஏப்ரல் முதல் அதற்குச் சட்ட வலு உண்டு. 2023இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6'க்குப் பச்சை முத்திரை, 12 வயது. அதே ஆண்டில் வந்த 'மோர்ட்டல் கொம்பாட் 1'க்குச் சிவப்பு முத்திரை, 18 வயது. இரண்டும் அடிதடிதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வாங்கிக் கொடுக்கும் முன் நிறத்தைப் பாருங்கள்.

பிறகு பிள்ளையின் பக்கத்தில் இருந்து, "தல்சிம் சறுக்கி வந்தால் நீ என்ன செய்வாய்?" என்று தமிழிலே கேளுங்கள். பதில் டொச்சில் தொடங்கினாலும் பரவாயில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விளங்கவைக்க வேண்டுமென்றால் பிள்ளை தமிழ்ச் சொல்லைத் தேடத்தான் வேண்டும். குந்து, பாய், சறுக்கு, தடு என்று நாலு சொல் வந்தாலும் எங்களுக்கு லாபமே.