முதலில் பெயர், பிறகு மெட்டு

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று நாம் பேச வேண்டியது பாட்டைப் பற்றி.

நம் உம்மம்மாமாருக்குக் கவி தெரியும். வயலிலும் தொட்டிலடியிலும் கல்யாண வீட்டிலும் அவர்கள் பாடியவை அவை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டி அச்சேற்றினார்கள், சொற்கள் பிழைத்தன. ஆனால் இராகம் அச்சில் நிற்காது. குரலை எங்கே இழுப்பது, எங்கே விடுவது என்பது பாடுபவரின் தொண்டையில் இருக்கிறது. அவர் மௌத்தானால் அதுவும் போய்விடும்.

ஆகவே நூற்றாண்டின் நினைவாக நமது சங்கம் ஒரு வேலையைத் தொடங்கலாம். கவி தெரிந்த ஒரு தாய், எழுதும் ஒரு மாணவி, மெட்டமைக்கும் ஒருவர், படம் வரையும் ஒருவர். இந்த நால்வரையும் ஒன்றாக இருத்தி ஆண்டுக்கு ஒரு புதிய ஆக்கம் செய்விப்போம்.

இது முடியுமா என்று கேட்பவர்களுக்கு நமது மாகாணத்திலேயே பதில் உண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். ஆட்டமும் பாட்டும் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். விடிய விடிய ஆடும் கூத்து ஓரிரு மணி நேரத்துக்குள் அடங்கியது. பேராசிரியரும் அண்ணாவியாரும் தத்தம் இடத்தில் ஆசான்களாக நின்றதால்தான் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்றவை பிறந்தன.

அண்மைய உதாரணம் சென்னையில் 2017இல் வெளிவந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. எண்ணூர்க் கழிமுகத்தின் சீரழிவைச் சொல்லும் பாடல் அது. ஆற்றுவாயையும் களப்பையும் நம்பி வாழும் நமக்கு அந்தக் கவலை புதிதல்ல. வரிகள் காபர் வாசுகி, மெட்டு ஆர்.கே. ஸ்ரீராம்குமார்; குரல் டி.எம். கிருஷ்ணா, படமாக்கியவர் ரதீந்திரன் பிரசாத். யார் எதைச் செய்தார் என்பதை இன்றும் நம்மால் பிரித்துச் சொல்ல முடிகிறது. அதுதான் கவனிக்க வேண்டியது.

நம்மூர் மேடைகளில் வேறு விதமாக நடப்பதையும் பார்க்கிறோம். இசையமைத்தவரின் பெயர் பெரிதாக இருக்கும். கவி சொன்ன மூதாட்டி ‘நாட்டார்’ ஆகிவிடுவார். அவருக்கும் பெயர் இருக்கிறது. அடையாள அட்டையில்கூட இருக்கிறது!

சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. 2008இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலின்படி, கத்தி படுமுன் குழுவினர் தம் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லிப் பழகியவர், பிழை கண்டால் வாய் திறப்பார். கூட்டாகக் கலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும்.

எனவே முதல் நாளே ஒரு தாளில் ஐந்து விடயங்களை எழுதிக்கொள்வோம். யாருடைய பெயர் எங்கே வரும்? வரிகளை மாற்ற யாருக்கு உரிமை? யாருக்கு எவ்வளவு கொடுப்பனவு? ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும்? எந்த வாத்தியம்? கடைசிக் கேள்வியில் நம்மிடையே ஒரே கருத்து இல்லை என்பது தெரிந்ததே. றபானும் குரலும் மட்டும் போதும் என்று அந்தத் தாய் சொன்னால், மெட்டமைப்பவர் அதற்குள் நின்று வேலை செய்யட்டும். எல்லை தெரிந்த பிறகு கற்பனை குறைவதில்லை.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோருக்குத் தம் பெயர் குறிப்பிடப்படும் உரிமையையும், ஆக்கத்தைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையையும் தருகிறது. பதினாறு வயதில் கவிதை எழுதும் நமது மாணவிக்கும் அது உண்டு. அதை அவள் இங்கேயே கற்றுக்கொள்ளட்டும்.

மெட்டமைப்பவருக்கும் ஒரு நிபந்தனை: மெட்டுப் போடுமுன் கவி சொல்பவரின் வீட்டுக்கு மூன்று முறையாவது போய், வெறுமனே கேட்டுவிட்டு வர வேண்டும்.

தோஹாவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கும் சகோதரிகளே, உங்களிடம் பணம் கேட்கப் போகிறோம்தான். அதற்கு முன் ஒன்று: இந்த வாரம் ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது உம்மாவிடமோ மாமியிடமோ ஒரு கவி சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவர் முழுப் பெயரையும், யாரிடம் கற்றார் என்பதையும் எழுதி அனுப்புங்கள். முதல் ஆக்கத்தின் முதல் வரியில் அந்தப் பெயர்தான் இருக்கும்.

வஸ்ஸலாம்.