நீரிழிவும் பிரசவ முறையும்

கருப்ப காலத்திலே முதன்முதலாக நீரிழிவு தோன்றியுள்ளதென்று வைத்தியர் கூறியவுடன், தாயும் உறவினரும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "அப்படியானால் வயிற்றைக் கீறித்தான் பிள்ளையை எடுக்க வேண்டுமோ?" என்பதே அது. இதற்கு விடை கூறுமுன், இந்நோய் பிள்ளையை என்ன செய்கிறதென்று அறிதல் வேண்டும்.

தாயின் இரத்தத்திலுள்ள குளுக்கோசு நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடைகிறது. தாயின் இன்சுலினோ அவ்வாறு கடப்பதில்லை. ஆகவே, மிகுதியாக வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கச் சிசுவின் கணையமே கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது, சிசு கொழுக்கிறது. கொபன்ஹேகன் நகரத்து வைத்தியர் பெடர்சன் 1950ஆம் ஆண்டுகளில் அளித்த இவ்விளக்கம் இன்றும் நிலைத்து நிற்கிறது. அக் கொழுப்புப் பெரிதும் சேர்வது தோளிலும் உடம்பிலுமே. அதனால், தலை வெளிவந்த பின்னர் தோள் சிக்கிக்கொள்ளலாம்; கைக்குச் செல்லும் நரம்புகள் ஊறுபடலாம். வைத்தியர்கள் அஞ்சுவது இதற்கே. அவ்வச்சம் வீணானதன்று.

ஆயினும், அச்சம் அளவு கடப்பதுமுண்டு. கனடாவில் ரொறன்ரோ நகரத்து மூன்று ஆஸ்பத்திரிகளில் நடைபெற்று, 1996ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். நோயில்லாத தாய்மாருள் நூற்றுக்கு 20 பேரே சத்திர சிகிச்சையால் பிள்ளை பெற்றனர். நோய் அறியப்பட்டுச் சிகிச்சை பெற்ற தாய்மாரின் பிள்ளைகளும் நிறையில் ஏனைய பிள்ளைகளை ஒத்தே இருந்தன. அப்படியிருந்தும், இத்தாய்மாருள் நூற்றுக்கு ஏறக்குறைய 33 பேருக்குச் சத்திர சிகிச்சை நடந்தது. பிள்ளை பெரிதாயினும் அன்றாயினும் இக்கணக்கு மாறவில்லை. மேலதிகமான அந்த 13 பேரைக் கத்திக்கு அனுப்பியது சர்க்கரையா, நோய்ச்சீட்டில் எழுதியிருந்த பெயரா? பெரும்பாலும் பெயரே என்று எனக்குத் தோன்றுகிறது.

இதனால் சிகிச்சையே வேண்டாமென்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அவுஸ்திரேலியாவில் ஆயிரம் தாய்மாரைக்கொண்டு நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்விலே, உணவுக் கட்டுப்பாடும் வேண்டியவர்க்கு இன்சுலினும் அளித்தமையால், சிசுக்களுக்கு நேரும் பாரிய தீங்குகள் நூற்றுக்கு 4இலிருந்து 1ஆகக் குறைந்தன. சத்திர சிகிச்சைகளின் தொகையோ இரு பகுதியாரிடத்தும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பிள்ளையைக் காத்தது கத்தியன்று. மாதக்கணக்காகச் சர்க்கரையை அடக்கி வைத்த சிகிச்சையே.

அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் கழகம், சிசுவின் நிறை நாலரைக் கிலோவும் அதற்கு மேலுமென்று மதிக்கப்படுமிடத்தே சத்திர சிகிச்சை பற்றித் தாயுடன் ஆலோசிக்குமாறு கூறுகிறது. அம் மதிப்போ ஸ்கான் கருவியின் மதிப்பு. பத்திலொரு பங்கு பிழைத்தல் சாதாரணம். சத்திர சிகிச்சைக்கும் விலையுண்டு: சிசுவுக்கு மூச்சுத் திணறல் நேரலாம்; அடுத்த கருப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பிலே பற்றிக்கொள்ளலாம். உணவினாலேயே சர்க்கரை அடங்கி, வேறு சிக்கலுமில்லாத தாய் 40 வாரங்கள் வரை இயற்கையான நோவுக்குக் காத்திருக்கலாம். 41ஆம் வாரம் நிறையுமுன், மருந்தினால் நோவை உண்டாக்குதல் பிரித்தானியாவின் வழக்கம்.

எம்முறையில் பிறந்தாலும், கொடியறுந்ததும் பிள்ளைக்குத் தாயின் சர்க்கரை நின்றுவிடும்; அதன் இன்சுலின் மட்டும் சில மணி நேரம் மிகுந்திருக்கும். எனவே, அரைமணி நேரத்துக்குள் தாய்ப்பாலூட்டி, பிள்ளையின் சர்க்கரையையும் அளந்து பார்க்க வேண்டும். தாய்க்குப் பெரும்பாலும் பிரசவத்தோடு சர்க்கரை இறங்கிவிடும். ஆனால் அவளுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகமாதலின், 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் பரிசோதனை செய்தல் வேண்டும். பிள்ளைக்கு இரண்டாம் மாதத் தடுப்பூசி போடும் காலமும் அதுவே.