வானூர்தி நிலையம் முதல் வாயிற்படி வரை

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருளோ ஊருக்குப் போகும் வழி. இஃது இலக்கியத்திற்குப் புறம்பானது என்று எவரும் கருத வேண்டா. பத்துப்பாட்டு நூல்களுள் செம்பாதி ஆற்றுப்படை நூல்களே. பரிசில் பெற்று மீள்கின்றவன் எதிரே வருகின்ற வறியவனை நிறுத்தி, "இவ்வழியே செல், இங்கே தங்கு, இன்ன இடத்தில் கால் வழுக்கும்" என்று சொல்லுவதே அவற்றின் அமைப்பு. மலைபடுகடாம், மலைவழியில் பன்றிக்காக வைத்த பொறிகளைப் பற்றியும் எச்சரிக்கின்றது. போய் வந்தவன் போகின்றவனுக்கு வழி சொல்லுவதைத் தமிழர் ஓர் அறமாகவே போற்றினர். அவ்வறம் பூனாவில் வாழும் நமக்கு இன்றும் வேண்டும் என்பதே யாம் சொல்ல வந்த செய்தி.

கட்கியிலும் தேகூ ரோட்டிலும் படைத்துறைத் தொழிற்சாலைகளையும் கிடங்குகளையும் நம்பி வந்து குடியேறியவர் நம்முள் உண்டு. பிம்பிரி ஆலைகளுக்கு வந்தவர் உண்டு. இஞ்சவாடியில் கணிப்பொறித் தொழில் புரிய வந்த இளைஞர் உண்டு. வந்த காலம் வேறாயினும், நம் அனைவர்க்கும் பொதுவான கவலை ஒன்று உளது. ஊரில் பெற்றோர் மூப்படைந்து வருகின்றனர். அன்று தந்தி வந்தது. இரயிலேறி, இரவும் பகலும் கடந்து ஊர் சேர்ந்தோம். நாட்டில் தந்திச் சேவை 2013 சூலையில் முடிவுற்றது. இன்று செய்தி நொடியில் வந்துவிடுகிறது. ஆனால் ஆள் போய்ச் சேருவது நொடியில் ஆவதன்று. தந்தையின் கண் திறந்திருக்கும்போதே அவர் முகம் காண வேண்டும் என்று துடிக்கும் மகனுக்கு, வானில் செல்லும் இரண்டு மணி நேரத்தைவிடத் தரையில் கழியும் நான்கு மணி நேரமே பெரிதாகத் தோன்றும்.

இந்தியாவின் வான்வழிப் போக்குவரத்து தொடங்கிய வரலாற்றில் நம் இரு நாடுகளுக்கும் பங்குண்டு. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஜே. ஆர். டி. டாட்டா தாமே வானூர்தி ஓட்டிவந்தார். அதன் தொடர்ச்சியாக, நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாகச் சென்னை வரை அஞ்சலைக் கொண்டு சேர்த்தார். அன்று பறந்தவை கடிதங்கள். நெடுங்காலம் வரை வானூர்திப் பயணம் செல்வர்க்கே உரியதாயிருந்தது. சிறு நகரங்களையும் வான்வழியால் இணைக்க 2016 அக்டோபரில் 'உடான்' திட்டத்தை நடுவண் அரசு அறிவித்தது. அதன் முதல் ஊர்தி 2017 ஏப்பிரல் 27 அன்று சிம்லாவிற்கும் தில்லிக்கும் இடையே பறந்தது. மூடிக் கிடந்த சிறு நிலையங்கள் பல திறந்தன. நம் ஊர்களும் நமக்கு அணுக்கமாயின. ஆயினும், அணுக்கம் என்பது வேறு. போய்ச் சேர்தல் என்பது வேறு.

முதலில் நாம் புறப்படும் இடத்தைக் காண்போம். லோஹேகாவ் நிலையம் 1939-இல் தோன்றியது. இன்றும் அஃது இந்திய விமானப்படையின் தளம். பயணிகள் ஊர்தி அங்கே ஒரு விருந்தினரே. ஓடுபாதையைச் செப்பனிடுவதற்காக 2021 அக்டோபர் 16 முதல் 29 வரை பதினான்கு நாள் அந்நிலையம் பயணிகளுக்கு மூடப்பட்டதை நம்மில் பலர் நினைவில் வைத்திருப்பர். 2024-இல் புதிய முனையம் திறக்கப்பட்டதும், அவ்வாண்டு மார்ச்சில் இராம்வாடி வரை மெட்ரோ இரயில் வந்ததும் நற்பேறுகளே. எனினும் இராம்வாடியில் இறங்கியவர் நிலையத்தை அடைய இன்னும் சில கல் தொலைவு செல்ல வேண்டும். தேகூ ரோட்டிலிருந்து மாலை நெரிசலில் புறப்படுவோர், புறப்பாட்டிற்கு ஒரு மணி நேரம் முன்னரே பெட்டி ஒப்படைக்கும் சாளரம் மூடப்படும் என்பதை எண்ணிக் கணக்கிடல் வேண்டும்.

இனி, இறங்கும் இடங்களைக் காண்போம்.

திருச்சிராப்பள்ளி நிலையத்தின் புதிய முனையம் 2024 சனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டது. அந்நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே அமைந்துளது. ஆதலின் புதுக்கோட்டை அன்பர்கள் நகருக்குள் செல்லாமலே தம் வழியில் திரும்பலாம். தஞ்சை, குடந்தைப் பக்கத்தவர்க்குப் பேருந்து வேண்டும். பஞ்சப்பூரில் 2025 மே மாதம் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டிருப்பதால், எவ்வூர்ப் பேருந்து எங்கிருந்து புறப்படும் என்பதைப் பழைய நினைவை நம்பாது கேட்டறிதல் நன்று. மதுரை நிலையம் நகருக்குத் தெற்கே உளது. அருப்புக்கோட்டை, விருதுநகர் செல்வோர் அங்கிருந்தே தெற்கு நோக்கலாம். தேனிப் பக்கத்தவரோ நகரைக் கடந்து ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தை அடைய வேண்டும்.

சென்னையில் இறங்குவோர் கருதத்தக்கது ஒன்றுண்டு. தென்மாவட்டப் பேருந்துகளுக்குக் கோயம்பேடு என்றே நம் பெரியோர் மனத்தில் பதிந்துளது. அந்நிலையம் 2002-இல் திறக்கப்பட்டது. ஆனால் 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டபின், தெற்கே செல்லும் பேருந்துகள் அங்கிருந்தே புறப்படுகின்றன. மீனம்பாக்கத்தில் இறங்கிய முதியவர் வடக்கே கோயம்பேடு சென்றால், பின்னர் வந்த வழியே தெற்கு நோக்கித் திரும்ப வேண்டும். ஒரு சொல் முன்னரே சொல்லியிருந்தால் அவ்வலைச்சல் இல்லை.

ஓசூர்க்காரர் நிலையோ விந்தையானது. அவர்க்கு அருகிலுள்ள நிலையம் பெங்களூரு. ஆனால் அந்நிலையம் தேவனஹள்ளியில், நகரின் வடக்கே உளது. ஓசூரோ தெற்கே உளது. மாநகரின் நெரிசலைக் குறுக்கே கடப்பதற்குள், வானில் மிச்சமான நேரமெல்லாம் சாலையில் செலவாகிவிடும். அவசரமில்லாத காலத்தில், பூனா வழியாகவே கோவைக்குச் செல்லும் குர்லா விரைவு வண்டி அவரை ஓசூரிலேயே இறக்கிவிடும். நாகர்கோவில் அன்பர்க்கும் பூனா வழியாக நேர் வண்டி உண்டு. வான்வழி செல்வதாயின் திருவனந்தபுரமே அவர்க்கு அணித்து. அணித்தாக இருப்பதெல்லாம் எளிதன்று. தொலைவில் இருப்பதெல்லாம் அரிதன்று.

சிறு நிலையங்களுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு தூத்துக்குடி. நிலையம் வாகைக்குளத்தில், திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையருகே உளது. 1992-இல் தொடங்கிய அந்நிலையத்தின் ஓடுபாதை 1,350 மீட்டரே இருந்தமையால், எழுபது எண்பது பேர் அமரும் சுழல்விசிறி ஊர்திகளே அங்கு இறங்கிவந்தன. இன்று ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டுளது. புதிய முனையம் 2025 சூலை 26 அன்று திறக்கப்பட்டது. நெல்லைச் சீமையார்க்கு இது பெருமகிழ்ச்சி. ஆயினும் இறங்கிய பின் பாளையங்கோட்டைக்கோ திருச்செந்தூருக்கோ செல்ல வேண்டுமன்றோ? பெருநகர நிலையங்களைப் போல் எந்நேரமும் வாகனம் காத்துநிற்கும் என எண்ணுதல் கூடாது. ஊர்தி வரும் வேளைக்கே வாடகைக் கார்கள் வரும். கூட்டம் கலைந்தால் அவையும் கலைந்துவிடும். ஊரில் அறிந்த ஓட்டுநர் ஒருவரை முதல் நாளே பேசி வைத்தலே அறிவுடைமை.

சேலமோ நமக்கு வேறொரு பாடம் கற்பிக்கின்றது. ஓமலூரையடுத்த காமலாபுரத்தில் உள்ள அந்நிலையத்தில் 2018 மார்ச் 25 அன்று சேவை மீண்டும் தொடங்கியது. சில ஆண்டுகளில் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடியும் தொடங்கியது. உடான் திட்டத்தில் அரசின் இழப்பீட்டு உதவி ஒரு வழித்தடத்திற்கு மூன்றாண்டுகளே. அதற்குள் பயணிகள் பெருகவில்லையாயின் சேவை நின்றுபோதலும் உண்டு. எனவே, சென்ற ஆண்டு போன வழியே இவ்வாண்டும் இருக்கும் என்று நம்பிச் சீட்டு வாங்குதல் ஆகாது.

இதனை மறுதலையாகவும் காண்க. தமிழ்நாட்டிலிருந்து நம்மைக் காண வரும் உறவினர் சீரடியில் வழிபட்டு வர விரும்புவர். 2017 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட சீரடி நிலையம் காகடி என்னும் சிற்றூரில் உளது. கோயிலிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவு. அங்கு இறங்கினால் பூனா பக்கமே என்று அவர்கள் எண்ணிவிடுவர். உண்மையில் இடையே நெடிய சாலைப் பயணம் உளது. அதை அவர்க்குச் சொல்லுதல் நம் கடன்.

இடையில் ஊர்தி மாற வேண்டியவர்க்குச் சில சொற்கள். இரு பயணங்களையும் ஒரே பதிவில் சீட்டாக வாங்கினால், முதல் ஊர்தி தாமதமாகி அடுத்தது தவறும்போது நிறுவனம் பொறுப்பேற்கும். பெட்டியும் கடைசி ஊர் வரை தானே செல்லும். தனித்தனிச் சீட்டாயின் அப்பொறுப்பு நம் தலையிலேயே விழும். நூறு இருநூறு மிச்சம் பிடிக்க எண்ணி, முதிய தாயை இடைவழி நிலையத்தில் தவிக்கவிடுதல் முறையன்று. நடக்க இயலாதவர்க்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று 48 மணி நேரம் முன்னரே தெரிவித்தல் நலம். அம்மா அன்போடு கட்டித் தரும் கொப்பரைக்கு வானூர்தியில் இடமில்லை. அது தானே சூடேறித் தீப்பற்றும் இயல்புடையதாகலின் விலக்கப்பட்டுளது. இருமுடியில் தேங்காய் கொண்டுசெல்ல ஐயப்ப பக்தர்க்கு 2024 அக்டோபரில் தனி அனுமதியே வழங்க வேண்டியிருந்தது என்றால், அவ்விதியின் கடுமையை நாம் உணரலாம்.

அன்பர்களே! இவற்றுள் எதுவும் பெரும்புலமை வேண்டும் செய்தியன்று. ஒருமுறை போய் வந்தவர் அனைவரும் அறிந்ததே. ஆனால் அறிந்தது அவரவர் வீட்டோடு நின்றுவிடுகிறது. நள்ளிரவில் தொலைபேசி ஒலித்து, கைகால் நடுங்க, பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு புறப்படும் ஒரு குடும்பம், அந்நேரத்திலா பேருந்து நிலையத்தின் பெயரைத் தேடிக்கொண்டிருப்பது?

ஆகவே சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். மாவட்டந்தோறும் வழியறிந்த இருவர் பெயரைக் கொண்ட ஓர் ஏட்டினைச் சங்கம் வைத்திருத்தல் வேண்டும். எந்நிலையத்தில் இறங்குவது, அங்கிருந்து எப்பேருந்து, இரவில் கடைசி வண்டி எப்போது, நம்பத்தகுந்த ஓட்டுநர் யாவர் என்பவற்றை அவ்வேட்டில் குறித்து, ஆண்டுக்கு இருமுறை திருத்துதல் வேண்டும். ஊருக்குச் சென்று திரும்புவோர் ஒவ்வொருவரும் தாம் கண்ட மாற்றத்தை ஒரு வரியேனும் எழுதித் தருக. தனியே வரும் முதியவரை லோஹேகாவில் எதிர்கொண்டு அழைத்துவர இளைஞர் சிலர் முன்வருக. சிறு நிலையங்களில் ஊர்தி வரும் நேரத்தையொட்டி அரசுப் பேருந்து இயக்க வேண்டும் என அரசுகட்கும் நாம் ஒன்றுகூடி எழுதுவோம். கோடிகள் செலவிட்டு ஓடுபாதை நீட்டும் அரசு, அதன் வாயிலில் ஒரு பேருந்தை நிறுத்துதல் அரிதன்று.

பரிசில் பெற்ற பாணன் தான் பெற்ற பொருளைத் தூக்கிக் கொடுக்கவில்லை, வழியைச் சொன்னான். அவ்வளவே அவன் செய்த உதவி. நம்மிடமும் அவ்வளவே கேட்கப்படுகிறது. அதனைச் செய்வோமாக. நம்மவர் ஒவ்வொருவரும் காலத்தே ஊர் சேர்ந்து, பெற்றோர் முகம் கண்டு, நலமே மீள்வாராக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!