கணக்கும் கடிதமும்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் காலை முதல் அறிஞர்கள் பலர் பேசிவிட்டனர். நமக்கு ஒதுக்கப்பட்ட பொருள் வேறு. வணிகக் கல்வியும், எழுத்தாலும் பேச்சாலும் பிறரோடு தொடர்பு கொள்ளும் பயிற்சியும் நம் பிள்ளைகளின் பிழைப்புக்கும் வளர்ச்சிக்கும் எங்ஙனம் துணைபுரியும் என்பதே அது. "இது பட்டணத்துச் சமாசாரம் அன்றோ?" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுத்தது நம் காதில் விழுந்தது. அவருக்கு விடை கூறும் வகையிலேயே தொடங்குவோம்.

ஓர் உழவரிடம் 20 குவிண்டால் நிலக்கடலை இருப்பதாகக் கொள்வோம். வீட்டு வாசலுக்கு வந்த வியாபாரி குவிண்டாலுக்கு ரூ. 6,200 தருவதாகச் சொல்கிறார். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ரூ. 6,700க்குப் போவதாகக் கேள்வி. எங்கே விற்பது? இவ்வெண்கள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. ஆனால் கேள்வி ஆண்டுதோறும் ஒவ்வொரு களத்திலும் எழுவதுதான். விலை வேறுபாடு ரூ. 10,000. நாற்பது கிலோ மூட்டையாகக் கட்டினால் 50 மூட்டை. வண்டி வாடகை ரூ. 2,500. ஏற்றுகூலியும் இறக்குகூலியும் மூட்டைக்கு ரூ. 20 வீதம் ரூ. 1,000. இன்னும் ஒரு நாள் காயவைக்க ஆள்கூலி ரூ. 600. செலவு போக மிச்சம் ரூ. 5,900. வாசலில் வாங்குகிறவர் மூட்டைக்கு ஒரு கிலோ 'கழிவு' பிடிப்பது வழக்கமானால், 50 கிலோவின் மதிப்பாகிய ரூ. 3,100உம் நமக்கு மிச்சமே. ஆக ரூ. 9,000.

இக்கணக்கைச் சென்ற முகாமொன்றில் கரும்பலகையில் எழுதியபோது, வணிகவியல் பயிலும் மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "ஐயா, இன்னும் ஒரு நாள் காய்ந்தால் எடை குறையுமே, அதைச் செலவில் சேர்க்கவில்லையே" என்றாள். நூற்றுக்கு ஒரு பங்கு எடை குறைந்தால் 20 கிலோ. அதன் மதிப்பு ரூ. 1,340. எனவே உண்மையான மிச்சம் ரூ. 7,660. களத்தில் நாற்பது ஆண்டு நின்ற உழவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கடலை காய்ந்தால் எடை குறையும் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. தெரிந்த ஒன்றைக் கணக்கில் ஏற்றும் பழக்கம் அவளிடம் இருந்தது, அவ்வளவே வேறுபாடு. அதே கணக்கை மூன்று குவிண்டாலுக்குப் போட்டுப் பார்த்தால், வண்டி வாடகையே இலாபத்தை விழுங்கிவிடும். வாசலில் விற்பதே மேல், அல்லது அண்டை வீட்டார் நால்வர் சேர்ந்து ஒரு வண்டி பேச வேண்டும். கணக்கு எப்போதும் ஒரே விடையைத் தருவதில்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் அதைப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விற்பனைக்கூடத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லிவிடுகிறோம். அங்கே உழவரிடம் தரகு வாங்குவதில்லை. நூற்றுக்கு ஒரு ரூபாய்ச் சந்தைக் கட்டணம் வியாபாரியைச் சேர்ந்தது. விலை தாழ்ந்திருந்தால் விளைபொருளைக் கிடங்கில் வைத்து, அதன் மதிப்பில் 75 சதவிகிதம் வரை பொருளீட்டுக் கடன் பெறவும் வழியுண்டு. இவையெல்லாம் அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்டவை. எனினும் அப்பலகையை நின்று படிப்பவர் சிலரே. படித்துவிட்டு உள்ளே சென்று கேட்பவர் அதனினும் சிலர்.

படித்த பிள்ளைகள் நம் ஊர்களில் இல்லாமற் போகவில்லை. 1886ஆம் ஆண்டில் சென்னையில் பச்சையப்பன் அறநிலையத்தார் வணிகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். இந்தியாவில் முறையான வணிகக் கல்வியின் தொடக்கமாக அதனைக் குறிப்பிடுவர். அன்று அது நகரத்தார் சிலருக்கே எட்டிய கல்வி. இன்றோ மேல்நிலைப் பள்ளிகளில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் பாடங்களாக உள்ளன. நம் ஒன்றியத்திலும் குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு என்று தமிழிலேயே படித்துத் தேறிய பிள்ளைகள் தெருவுக்கு நால்வர் இருக்கிறார்கள். "பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு" என்று தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். ஆயின் அப்பனுடைய கடலை விற்ற சீட்டை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. அப்பனும் காட்டியதில்லை. பாடத்தில் வரும் வணிகர் எப்போதும் நகரத்தில் கடை வைத்திருப்பவர். தன் வீட்டுக் களமும் ஒரு வணிகமே என்று பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை.

இவ்விரண்டும் பிரியாதிருந்த காலமும் உண்டு. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்து நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், சிறுவர்களைப் பெட்டியடிப் பையன்களாகக் கடையிலேயே பழக்கினர். அங்கே கற்றது வெறும் கூட்டல் கழித்தல் அன்று. கடல் கடந்திருந்த கடையின் நிலைமையை, ஊரிலிருந்த முதலாளி படித்தவுடன் விளங்கிக்கொள்ளுமாறு கடிதமாக எழுதவும் கற்றுக்கொண்டார்கள். கணக்கு ஒரு கை, கடிதம் ஒரு கை. அப்பழக்கத்தில் தேறிய பையனே பின்னர்க் கடையை நடத்தும் ஏஜெண்டாக உயர முடிந்தது. வட்டித் தொழிலின் நன்மை தீமை வேறு விவாதம். பயிற்சி முறையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

இனிக் கடிதத்திற்கு வருவோம். ஒன்றிய அலுவலகத்தில் நாம் நாள்தோறும் மனுக்களைப் படிக்கிறோம். ஒரே வாய்க்காலைப் பற்றி ஓராண்டில் இரண்டு மனுக்கள் வந்தன. முதல் மனு நான்கு பக்கம். முதற்பக்கம் முழுவதும் அதிகாரிகளைப் பற்றிய புகழுரை. இரண்டாம் பக்கத்தில் ஊரின் பெருமை. எந்த வாய்க்கால் என்பது மூன்றாம் பக்கத்தில்தான் தெரிகிறது. எவ்வளவு தூரம் தூர்ந்திருக்கிறது என்பது நான்கு பக்கத்திலும் இல்லை. இரண்டாம் மனு அரைப் பக்கம். 'பொருள்' என ஒரு வரி. அதன் கீழ்ப் புல எண், தூர்ந்துள்ள நீளம், அதனால் பாசனம் இழந்த ஏக்கர், கிராம சபையில் தீர்மானம் நிறைவேறிய நாள், எழுதியவரின் தொலைபேசி எண். இம்மனு அன்று மாலையே பொறியாளர் மேசைக்குச் சென்றது. முதல் மனுவுக்கோ விவரம் கேட்டுத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. இரண்டிலும் உள்ள துன்பம் ஒன்றே. அரைப் பக்கத்து மனுவை எழுதியவர் கல்லூரியில் வணிகவியல் பயிலும் ஓர் இளைஞர். அவருடைய பாடத்தில் வணிகக் கடிதம் என்றொரு பகுதி உண்டாம். தேர்வுக்காகப் படித்ததை வாய்க்காலுக்காகப் பயன்படுத்தினார்.

தொடர்புப் பயிற்சி என்றவுடன் பெற்றோர் பலர் அதனை ஆங்கிலம் பேசும் பயிற்சி என்று எண்ணிவிடுகிறார்கள். ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். திருப்பூருக்குச் சென்று பாருங்கள். ஆங்குள்ள பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் 'மெர்ச்சண்டைசர்' என்றொரு பணி உண்டு. அயல்நாட்டில் ஆடை வாங்குபவருக்கும் இங்குள்ள தையற்கூடத்திற்கும் நடுவே நிற்பவர் அவர். மாதிரி அனுப்புவதும், விலை பேசுவதும், சாயம் தாமதமானால் அதை மறைக்காமல் உரிய நாளில் எழுதித் தெரிவிப்பதும் அவர் கடமை. அங்கே ஆங்கிலம் வேண்டும். அதற்கு முன் செய்தியை ஒழுங்குபடச் சொல்லும் மனம் வேண்டும். தமிழில் தெளிவாக நான்கு வரி எழுதத் தெரியாதவருக்கு ஆங்கிலம் மட்டும் அத்தெளிவைக் கொடுத்துவிடாது என்பது நம் கருத்து. தமிழில் தேறியவருக்கு ஆங்கிலம் சற்று விரைவாகவே வருவதைக் கண்டிருக்கிறோம்.

வேலை தேடி வெளியூர் செல்லும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டும் என்பது நம் நோக்கமன்று. எனினும் ஊருக்குள்ளேயே இக்கல்விக்கு உரிய வேலை காத்திருப்பதைப் பலர் அறியார். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். 2003 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, உற்பத்தியாளர் பத்துப் பேர் சேர்ந்தாலே இத்தகைய நிறுவனத்தைத் தொடங்கலாம். அதற்கு முழுநேரத் தலைமை நிருவாகி ஒருவர் இருந்தே ஆகவேண்டும்; அவர் உறுப்பினர் அல்லாதவராக இருக்க வேண்டும். 2020இல் நடுவண் அரசு தொடங்கிய பத்தாயிரம் உற்பத்தியாளர் நிறுவனத் திட்டத்தில், நிறுவனம் ஒன்றுக்கு மூன்றாண்டுகளில் ரூ. 18 இலட்சம் வரை நிருவாகச் செலவுக்கு உதவி என்று வகுக்கப்பட்டது. அத்திட்டத்தில் கணக்கர் பணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமோ, வணிகவியல் அல்லது கணக்குப்பதிவியல் பின்னணியோ போதும். நம் தெருப் பிள்ளைக்கு இருக்கிற படிப்புதான்!

அத்தகைய ஆள் இல்லாவிடில் நேர்வதையும் சொல்ல வேண்டும். நிறுவனம் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை நிறைவேற்றி, உரிய படிவங்களைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். நாள் தவறினால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ரூ. 100 கூடுதல் கட்டணம். இரண்டு படிவங்கள் ஓராண்டு தங்கினால் ரூ. 73,000. தொடர்ந்து மூன்றாண்டு அனுப்பாவிடில் இயக்குநர்கள் ஐந்தாண்டுக் காலம் மீண்டும் அப்பதவிக்கு வரவியலாது. ஆயிரம் ரூபாய்ப் பங்கு கட்டிய உழவர் ஒருவர், நிறுவனத்தில் கடலை குறைந்ததால் நட்டம் வந்தது என்றால் பொறுத்துக்கொள்வார். காகிதம் அனுப்பாததால் நட்டம் வந்தது என்று கேட்டால் மறுமுறை எந்தக் கூட்டத்திற்கும் வரமாட்டார். வெளியூர்த் தணிக்கையாளரிடம் கட்டைக் கொடுத்துவிட்டோம் என்று இயக்குநர்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். தணிக்கையாளர் எழுதிய ஏட்டைச் சரிபார்ப்பது யாவர்? சீட்டு சேர்ந்த அன்றே அதனைப் பதிகிறவர் ஊரிலேயே இருக்க வேண்டும்.

மகளிர் குழுக்களில் நிலைமை இதைவிட நன்று. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய முயற்சி, பின்னர் மாநிலமெங்கும் பரவியது. வங்கிக் கடனுக்குமுன் குழுவைத் தரம் பார்க்கும்போது, சேமிப்போடு தீர்மானப் புத்தகத்தையும் புரட்டிப் பார்க்கிறார்கள். ஆயினும் பல குழுக்களுக்கு ஒருவரே கூலிக்கு ஏடு எழுதிவரும் வழக்கமும் வளர்ந்திருக்கிறது. எல்லாக் குழுவிலும் ஒரே தீர்மானம், ஒரே கையெழுத்து! நம் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் அதை மாற்றினார்கள். உறுப்பினர் ஒருவரின் மகள், கல்லூரி முதலாண்டு மாணவி, ஏடெழுத முன்வந்தாள். முதல் மாதங்களில் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னால் தாயின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குவாள். பத்து மாதம் சென்றபின், குழுக் கடனுக்கு வட்டி பிடித்த முறையில் ஐயம் தோன்றவே, வங்கிக்குத் தானே சென்று நாள் கணக்கைக் காட்டி விளக்கம் கேட்டாள். வட்டி சரியாகவே பிடிக்கப்பட்டிருந்தது. ஆனால் குழுவினர் நால்வருக்கு அதுவரை புரியாதிருந்த கணக்கு அன்று புரிந்தது. வங்கி மேலாளரும் அடுத்த கூட்டத்திற்குத் தாமே வந்தார். அப்பெண் இப்போது கூட்டுறவுப் பட்டயப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். வங்கி வாயிலில் தயங்கி நின்ற அந்த ஒரு நாள் அவளுக்குக் கற்பித்ததை எந்த வகுப்பறையும் கற்பித்திருக்குமா என்பது ஐயமே.

ஊராட்சி உறுப்பினர்களே, உங்களிடம் நாம் கேட்பது பணமன்று, இடம். 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் என்றாகியிருக்கிறது. அவற்றில் வரவு செலவை வாசிக்கும் பொறுப்பை ஊர் மாணவர் இருவரிடம் கொடுத்துப் பாருங்கள். வாசிப்பவர் தடுமாறுவார், கூட்டத்தில் யாரேனும் சிரிப்பார்கள். சிரிப்பவரை அடக்குவது தலைவரின் வேலை. "இந்தச் செலவு எதற்கு?" என்று மாணவர் குறுக்கே கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். கேட்பதற்குத்தான் அவரைப் படிக்க வைத்தோம். பெண் பிள்ளைகளை விட்டுவிட வேண்டாம். இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பால் சங்கத்திலும் கடன் சங்கத்திலும் விடுமுறை நாட்களில் ஏட்டருகே ஒரு மாணவரை உட்கார வைக்கச் செயலாளர்கள் இசைந்தால், அதற்குரிய கடிதத்தை ஒன்றிய அலுவலகத்திலிருந்து நாமே எழுதுகிறோம். கடவுச்சொல்லையும் ரொக்கப் பெட்டியையும் மாணவர் கையில் கொடுக்கும்படி யாரும் சொல்லவில்லை. பதிவதையும் சரிபார்ப்பதையும் கற்றுக்கொள்ளட்டும்.

உழவர் பெருமக்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். விற்ற சீட்டு, உரம் வாங்கிய ரசீது, பால் அட்டை, வண்டி வாடகைக் குறிப்பு இவற்றை ஓட்டுச் செருகலிலும் சட்டைப்பையிலும் விட்டுவிடாமல் ஓர் உறையில் போட்டு வையுங்கள். ஞாயிறுதோறும் மகனையோ மகளையோ அருகில் அமர்த்தி அரைமணி நேரம் ஏட்டில் ஏற்றச் சொல்லுங்கள். கடன் எவ்வளவு என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்குவோர் உண்டு. அத்தயக்கம் இயல்பே. ஆனால் கடனை நாளை அடைக்கப் போகிறவரும் அப்பிள்ளைதானே!

பிற்பகல் இரண்டு மணிக்கு இதே கொட்டகையில் வணிகவியல் மாணவர் அறுவர் வந்திருப்பார்கள். இந்தப் பருவத்து விற்பனைச் சீட்டு யாரிடமேனும் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள். வாசலில் விற்றது இலாபமா, விற்பனைக்கூடத்தில் விற்றது இலாபமா என்று கரும்பலகையில் போட்டுக் காட்டுவார்கள். சீட்டில் பெயரை மடித்து மறைத்துக் கொடுத்தாலும் தடையில்லை.