வேலை எங்கே தேங்குகிறது?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடைப் பேச்சு வராது. நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குழு துணிப்பை தைக்கிற குழு. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு எங்களுக்கும் ஆர்டர் வர ஆரம்பித்தது. ஒரு கடைக்காரர் 2000 பை கேட்டார். பத்து நாளில் தருகிறோம் என்று சொல்லிவிட்டோம். கணக்குப் போட்டுச் சொல்லவில்லை, ஆசையில் சொன்னோம். பதினைந்தாம் நாள்தான் கொடுத்தோம். அவர் பணத்தில் பிடித்துக்கொண்டார். அந்த மாதம் வங்கித் தவணையைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினோம்.

வாரக் கூட்டத்தில் பழி முழுக்கக் கைப்பிடி தைக்கிற அக்கா மேல் விழுந்தது. அவர் மிஷின் பக்கத்தில்தான் பைகள் மலைமாதிரி குவிந்து கிடந்தன. "நீங்க கொஞ்சம் வேகமாத் தைச்சா என்னக்கா?" என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. "நாளையிலேர்ந்து நான் வரலம்மா, வேற ஆளப் பாத்துக்குங்க" என்று எழுந்து போய்விட்டார்.

ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் செல்போன் கம்பெனி லைனில் வேலை பார்த்தவள் நான். ஓர் இடத்தில் சரக்கு குவிந்தால், அந்த இடத்து வேலையைத்தான் முதலில் அளந்து பார்ப்பார்கள். மறுநாள் அக்கா வீட்டுக்குப் போய், ஒரே ஒரு நாள் வாங்க என்று கூட்டி வந்தேன். நோட்டும் கடிகாரமும் வைத்துக்கொண்டு, மணிக்கு யார் கையில் எத்தனை பை போகிறது என்று எழுதினேன்.

வெட்டுவது 60. அச்சுப் போடுவது 50. பக்கம் மூட்டுவது இரண்டு மிஷினும் சேர்த்து 50. கைப்பிடி 20. நூல் நறுக்கிக் கட்டுவது 40. கைப்பிடி தடித்த மடிப்பு, பவர் மிஷினில்தான் தைக்க முடியும். எங்களிடம் அது ஒன்றுதான். மணிக்கு 20, ஏழு மணி நேரத்துக்கு 140. அப்படியென்றால் 2000 பைக்குப் பதினைந்து நாள்தானே ஆகும்? வெட்டுகிறவர் எவ்வளவு வெட்டினாலும் வெளியே போவது 140தான்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நாடாவை அவரே வெட்டி மடிக்கிறார். பாபினுக்கு நூலும் அவரே சுற்றுகிறார். அச்சு கோணலான பைக்கும் கைப்பிடி தைக்கிறார், கடைசியில் அது கழிக்கப்படுகிறது.

நாடாவை வெட்டுகிறவரே மடித்துத் தரட்டும் என்று மாற்றினோம். பாபின்கள் காலையிலேயே தயார். அச்சு பார்ப்பதைக் கைப்பிடிக்கு முன்னால் கொண்டுவந்தோம். அக்கா சாப்பிடும் நேரத்தில் நான் உட்காருவேன், மிஷின் நிற்காது. அவர் பக்கத்தில் ஒரு கூடை. அதில் 40 பை சேர்ந்துவிட்டால் மூட்டுகிறவர்கள் நிறுத்திவிட்டு நாடா மடிக்க வர வேண்டும். இதற்குத்தான் பெரிய சண்டை. மூட்டின பைக்குக் கூலி வாங்குகிறவருக்கு, நிறுத்தினால் நஷ்டம்தானே? நியாயமான கேள்வி. அதனால் முழுதாக முடிந்து வெளியே போன பையின் கணக்கில் எல்லோரும் கூலி பிரித்துக்கொள்வது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இது இல்லாமல் மற்ற எதுவும் நின்றிருக்காது.

இப்போது மணிக்கு 26. எட்டு மணி நேரம் மிஷின் ஓடுகிறது, 208. புது மிஷினும் இல்லை, புதுக் கடனும் இல்லை. அடுத்த 2000 பை பத்தாம் நாள் போய்விட்டது.

இதைக் கேட்ட என் மகள், எலியாஹூ கோல்ட்ராட் என்பவர் 1984இல் 'தி கோல்' என்ற கதைப் புத்தகத்தில் இதைத்தான் எழுதியிருக்கிறார் என்றாள். வரிசையாக நடந்து போகும் பையன்களில் மெதுவாக நடக்கிறவனை முன்னால் விட்டு, அவன் மூட்டையை மற்றவர்கள் பங்குபோட்டுத் தூக்குகிறார்களாம். நம்ம கூடைக் கணக்குக்கும் டொயோட்டாக்காரர்கள் 'கான்பான்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். தண்டலம் வழியாக இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ்ஸில் போகிற நம்ம பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

அக்கா இதோ இரண்டாவது வரிசையில் இருக்கிறார். அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு, அக்கா, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது எங்கள் வேலை அச்சில் தேங்குகிறது. ஐப்பசி மழையில் மை காய மாட்டேன் என்கிறது, கொடியில் இடமும் இல்லை. இதற்கு வழி கண்ட குழு யாராவது இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூப்பிடுங்கள். நோட்டைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன்.